ஈரலில் கட்டியாம்!

“ஈரல்ல கட்டியாம்.” லயத்தின் ஒரு காம்பிராவிலிருந்து இந்தப் பேச்சு கிளம்பினால், பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிவதற்குள் தோட்டத்தையே சுற்றிவிடும். சுற்றி முடிக்கையில் கட்டி, கேன்சர் ஆகியிருக்கும். மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு எப்போது கொண்டுபோகிறீர்கள் என்று விசாரிக்க ஆட்களும் வந்துவிடுவார்கள். ஸ்கேன் அறிக்கை எழுதிய வைத்தியரோ அப்படி எதையும் சொல்லியிருக்க மாட்டார். ஈரலின் வலப்பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவில், ஓரம் தெளிவான வெளிர்ந்த புள்ளி ஒன்று தெரிகிறது, மேலும் பார்ப்பது நல்லது என்று ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதியிருப்பார். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பொல்பிட்டிய என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வருவது மின்சார நிலையம். லக்சபான நீர்த்தேக்கத்துத் தண்ணீரில் 1969 முதல் ஓடும் நிலையம் அது. மஸ்கெலி ஓயாவும் கெஹல்கமு ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாவதும் இந்தப் பக்கத்தில்தான். மேலே ஏறினால் கினிகத்தேனை, ஹட்டன், டிக்கோயா. கீழே இறங்கினால் கித்துல்கல, யட்டியாந்தோட்டை, கரவனெல்ல, அவிசாவளை. உடம்புக்கு முடியாதவர் எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், முதலில் எடுக்கச் சொல்வது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். அதுவும் ஈரலுக்காக அல்ல. பித்தப்பையில் கல்லா, சிறுநீரகத்தில் கல்லா, கர்ப்பப்பையில் ஏதாவதா என்று தேடும்போது ஈரலும் கண்ணில் படும். அப்படித் தற்செயலாகப் பட்டதுதான் அந்த இரண்டு சென்டிமீட்டர்.

நாற்பது வயதுக்கு உட்பட்ட, வேறு நோய் இல்லாத ஒரு கொழுந்துக்காரப் பெண்ணின் ஈரலில் அது இருந்தால், புற்றுநோயாக இருப்பதைவிட இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு மிக அதிகம். அதே அளவு, அதே இடம், ஆனால் இருபது வருடம் கசிப்புக் குடித்து ஈரல் சுருங்கிப்போன அறுபது வயதுக்காரர் என்றால் கதை வேறு. கட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பதற்கு முன்பு அது எந்த ஈரலில் இருக்கிறது என்று கேட்கவேண்டும். வைத்தியர்கள் செய்வது அதைத்தான். நம் வீட்டுப் பேச்சில் விடுபட்டுப்போவதும் அதுதான்.

கெடுதல் செய்யாதவை

ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் முதலிடம் ஹெமாஞ்சியோமாவுக்கு. இது சின்னஞ்சிறு இரத்தக்குழாய்கள் பின்னிக்கொண்டு, இரத்தத்தில் ஊறிய பஞ்சுபோல் ஓர் இடத்தில் கிடப்பது. வளர்ந்தவர்களில் நூற்றுக்குச் சில பேரிடம் இருக்கும், பெண்களிடம் அதிகம். பெரும்பாலானவர்கள் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். இது புற்றாக மாறுவதில்லை. அளவில் மிகப் பெரிதாகி வயிற்றை அழுத்தினாலொழிய யாரும் இதை அறுத்தெடுப்பதும் இல்லை.

அடுத்தது ஃபோகல் நோடுலர் ஹைப்பர்பிளேசியா. பெயர் பயமுறுத்துகிறது, ஆள் சாது. ஈரலின் நல்ல செல்களே ஓரிடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பெருகி, பல நேரங்களில் நடுவில் நட்சத்திர வடிவில் ஒரு தழும்போடு நிற்கும். இதுவும் பெண்களிடமே மிக அதிகம். இதுவும் புற்றாவதில்லை.

அடினோமா அவ்வளவு சாது அல்ல. 1973இல் அமெரிக்காவின் மிச்சிகனைச் சேர்ந்த ஜேனட் பாம் என்ற வைத்தியரும் அவரது குழுவும், கருத்தடை மாத்திரை எடுத்துவந்த இளம் பெண்களின் ஈரலில் இந்தக் கட்டிகளைக் கண்டு லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். அந்தக் கால மாத்திரைகளில் ஈஸ்ட்ரோஜன் அளவு இன்றையதைவிட அதிகம். ஆனாலும் தொடர்பு உண்மையானது. மாத்திரையை நிறுத்தினால் பல அடினோமாக்கள் சுருங்கிவிடும். அதனால் பெண்ணுக்கு வந்தால் மாத்திரையை நிறுத்தி, ஆறு மாதம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். 5 சென்டிமீட்டரைத் தாண்டியது வெடித்து உள்ளே இரத்தம் கசியலாம், ஒரு சிறு பகுதி புற்றாகவும் மாறலாம். ஆணுக்கு வந்தால், அளவு சிறிதாக இருந்தாலும், எடுத்துவிடுவதே நல்லது என்பார்கள். ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்ற, இதே கட்டியை வரவைக்கக்கூடிய ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளும் பையன்கள் இந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

இவற்றோடு வெறும் நீர்க்கட்டிகளும் உண்டு. ஸ்கேனில் கறுப்பாக, சுத்தமாகத் தெரியும் அவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

லயத்து ஈரலில் கொழுப்பு

மலையகத்தை நேராகத் தொடும் ஒரு விஷயம் இருக்கிறது. மலையில் ஏறி இறங்கி நாள் முழுவதும் உடம்பை வளைத்து வேலை செய்கிறவர்களுக்கு ஈரலில் கொழுப்புப் படியாது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கொழும்பை அடுத்த ராகமவில் 35 முதல் 64 வயதுக்காரர்களைப் பார்த்த களனிப் பல்கலைக்கழக வைத்தியர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் கொழுப்பு ஈரல் இருப்பதைக் கண்டிருந்தார்கள். நகரம், உட்கார்ந்த வேலை, எண்ணெய்ப் பலகாரம் என்று அதற்கு விளக்கம் சொல்லிக்கொள்ளலாம். பிறகு அவர்களே நுவரெலியா மாவட்டத்தின் இரண்டு தோட்டங்களுக்கு வந்தார்கள். அதே வயதுக்காரர்களை அழைத்து, 403 பேருக்கு ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வில், மதுவால் வராத கொழுப்பு ஈரல் மட்டுமே நூற்றுக்கு 18 பேரிடம் இருந்தது. வறுமையும் உடலுழைப்பும் உள்ள மக்களிடம் இந்த அளவு. ஆண்கள், இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள், இரத்தத்தில் சீனி கூடியவர்கள், பிரஷர் உள்ளவர்கள் ஆகியோரிடம் அது அதிகமாக இருந்தது.

மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டியும் சோறும், இடையில் சீனி போட்ட தேநீரும் என்றிருக்கும் ஒரு சமையலறையை அறிந்தவர்களுக்கு இது அவ்வளவு ஆச்சரியமாக இராது. இது என் ஊகம், ஆய்வு சொன்னதல்ல.

இதற்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு சம்பந்தம் உண்டு. ஒன்று, கொழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவில் படிவதில்லை. பித்தப்பையை ஒட்டிய பகுதி, ஈரலின் நடுப்பிளவை ஒட்டிய பகுதி போன்ற சில இடங்களுக்கு இரத்தம் சற்று வேறு சிறு நாளங்கள் வழியாக வருவதால், அங்கே மட்டும் கொழுப்பு படியாமல் விட்டுப்போகும். அல்லது அங்கே மட்டும் படியும். ஸ்கேனில் அது ஒரு திட்டுப்போல, சில நேரம் வேறு இடத்திலிருந்து பரவிவந்த புற்றைப்போலவே தெரியும். உண்மையில் அங்கே கட்டி என்று எதுவுமே இல்லை. அனுபவமுள்ள கண் அதன் இடத்தையும், அதன் ஊடாக நாளங்கள் நெளியாமல் விலகாமல் நேராகப் போவதையும் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும். கட்டியாக இருந்தால் நாளங்களைத் தள்ளிவிட்டிருக்கும்.

இரண்டாவது இன்னும் நுணுக்கமானது. சாதாரண ஈரலில் ஹெமாஞ்சியோமா அல்ட்ராசவுண்டில் வெள்ளையாகத் தெரியும். அதுவே அதன் அடையாளம். கொழுப்பு ஏறிய ஈரலோ தானே வெள்ளையாகிவிடுகிறது. அந்த வெண்மைக்கு நடுவில் அதே ஹெமாஞ்சியோமா கறுப்பாகத் தெரியும். கறுப்புப் புள்ளி என்றால் வைத்தியருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். கட்டி மாறவில்லை, ஈரல் மாறியிருக்கிறது. தோட்டத்தில் கொழுப்பு ஈரல் கூடக்கூட, இப்படித் தேவையில்லாமல் பயப்பட வைக்கும் புள்ளிகளும் கூடும் என்றே எதிர்பார்க்கவேண்டும்.

காய்ச்சலோடு வரும் கட்டி

வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், உடல் மெலிவு, ஸ்கேனில் பெரிய கட்டி. கேன்சர் என்று வீட்டார் முடிவுகட்டிவிடும் இந்தப் படம், பல நேரங்களில் சீழ்க்கட்டியின் படம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்த இத்தகைய நோயாளிகளை ஆராய்ந்த செ. கண்ணதாசன் முதலான ஆய்வாளர்கள், அது அமீபாக் கிருமியால் வரும் சீழ்க்கட்டி என்பதை மூலக்கூறுப் பரிசோதனையால் உறுதிசெய்து 2017இல் வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஆண்கள், அதிலும் கள் குடிப்பவர்கள். மெட்ரோனிடசோல் என்ற மலிவான மாத்திரைக்கு அடங்கும் நோய் அது. கட்டி பெரிதாக இருந்தால் ஊசியால் சீழை இழுத்துவிடுவார்கள்.

சீனி வியாதிக்காரர்களுக்கு வரும் சீழ்க்கட்டிக்குக் காரணமான கிருமிகள் வேறு. அவற்றில் ஒன்றுக்குத் தேயிலையோடு பழைய உறவு உண்டு. மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோய் இலங்கையில் முதன்முதல் பதிவானது 1927இல், ஐரோப்பியத் தேயிலைத் தரகர் ஒருவரிடம். பிறகு நெடுங்காலம் அதை இங்கே யாரும் பெரிதாகத் தேடவில்லை. தேடத் தொடங்கியபின், நாட்டின் பல பக்கங்களிலும் அது இருப்பது தெரியவந்திருக்கிறது. சேற்றிலும் மழைத் தண்ணீரிலும் வெறுங்காலோடு நிற்கிறவர்கள், அவர்களிலும் சீனி உள்ளவர்கள், இதற்கு எளிதில் ஆட்படுகிறார்கள். ஈரலில் பல அறைகள் கொண்ட சீழ்க்கட்டியாக இது வரலாம். சாதாரண அன்டிபயாட்டிக்குகள் பலவற்றுக்கு இது மசியாது. சரியான மருந்தை மாதக்கணக்கில் கொடுக்கவேண்டும். கேன்சர் என்று பயந்து வைத்தியசாலைக்கே போகாமல் கீழாநெல்லியை அரைத்துக் குடித்துக்கொண்டு படுத்திருந்தால், குணமாகியிருக்கக்கூடிய ஒருவர் போய்விடுவார். காசநோயும் ஈரலில் கட்டி வடிவில் வந்து ஏமாற்றுவது உண்டு.

படம் எப்படிப் பிரித்துச் சொல்கிறது

ஈரலுக்கு இரத்தம் இரண்டு வழியாக வருகிறது. முக்கால் பங்கு குடலிலிருந்து உணவுச் சத்தைச் சுமந்துகொண்டு போர்ட்டல் நாளத்தில் வரும். மீதிக் கால் பங்கு இதயத்திலிருந்து தமனி வழியாக வரும். ஈரல் புற்றோ தன் தீனியை ஏறத்தாழ முழுவதும் தமனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. கையில் ஊசி வழியாகச் சாயமருந்து ஏற்றி சீ.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது, அது முதலில் தமனிக்கு வந்துசேரும். அந்த நொடிகளில் புற்று பளிச்சென்று ஒளிரும். கொஞ்ச நேரத்தில் மற்ற வழியாகவும் சாயம் வந்து ஈரல் முழுதும் வெளுக்கையில், புற்றில் இருந்த சாயம் கழுவிக்கொண்டு போய் அது மங்கிவிடும். முதலில் மின்னல், பிறகு மங்கல்: சிரோசிஸ் வந்து, அதாவது தழும்பேறிச் சுருங்கிப்போன ஈரலில் இந்த இரண்டும் சேர்ந்து தெரிந்தால், சதையைக் குத்தி எடுக்காமலேயே புற்று என்று சொல்லிவிடலாம்.

ஹெமாஞ்சியோமா அப்படி நடந்துகொள்வதில்லை. சாயம் முதலில் அதன் ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தேங்கும், பிறகு மெல்ல மெல்ல நடுவை நோக்கி நிரம்பும், வெகுநேரம் அங்கேயே தங்கும். நோடுலர் ஹைப்பர்பிளேசியாவும் முதலில் புற்றைப்போலவே பளிச்சிடும். குழப்பம் அங்கேதான் வருகிறது. ஆனால் பிறகு மங்காமல் சுற்றியுள்ள ஈரலோடு ஒன்றாகக் கலந்துவிடும். ஈரல் செல்கள் உறிஞ்சக்கூடிய விசேட சாயமருந்து ஒன்றும் எம்.ஆர்.ஐ.யில் உண்டு. நல்ல செல்களால் ஆன கட்டி அதை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான புற்றுகளால் அது முடியாது. இத்தனைக்கும் படத்தைச் சரியான நொடியில் எடுத்திருக்கவேண்டும். சாயம் ஏற்றாமலோ, ஏற்றி ஒரே ஒரு தரம் மட்டுமோ எடுத்த சீ.டி.யை வைத்துக்கொண்டு யாராலும் இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. இன்னொரு சீ.டி. எடுங்கள் என்று வைத்தியர் சொன்னால் காசு பிடுங்குகிறார் என்று உடனே முடிவுகட்டவேண்டாம், முதல் சீ.டி. எப்படி எடுத்தது என்று கேளுங்கள்.

அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 2011இல் லை-ராட்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தது. நிச்சயமாகக் கெடுதலற்றது என்பதற்கு 1, நிச்சயமாக ஈரல் புற்று என்பதற்கு 5. அந்த முறையின் முதல் நிபந்தனையே, சிரோசிஸ் அல்லது நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பீ போன்ற ஆபத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் இதைப் பயன்படுத்தவேண்டும் என்பது. நல்ல ஈரலில் பளிச்சிட்டு மங்கும் ஒன்றைப் பார்த்து 5 போட அது அனுமதிப்பதில்லை. அங்கே அப்படித் தெரிவது அடினோமாவாகவும் இருக்கலாம்.

பிறகு ஏன் உடனே ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்துவிடக்கூடாது? ஹெமாஞ்சியோமாவைக் குத்தினால் இரத்தம் பெருகலாம். புற்றைக் குத்தினால், அரிதாக, ஊசி போன தடத்தில் அது பரவலாம். படத்தால் தீராத சந்தேகத்துக்குத்தான் பயொப்சி. ஏ.எஃப்.பி. என்ற இரத்தப் பரிசோதனையையும் பலர் தனியார் ஆய்வுகூடத்தில் தாங்களாகவே செய்துகொண்டு எண்ணைப் பார்த்து நடுங்குகிறார்கள். கர்ப்பத்திலும் ஈரல் அழற்சியிலும் அந்த எண் கூடும். அதேநேரம், ஈரல் புற்று உள்ளவர்களில் கணிசமானோருக்கு அது சாதாரணமாகவே இருக்கும். தனியே அந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு அழுவதற்கும் ஒன்றுமில்லை, நிம்மதியடையவும் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே மார்புப் புற்றுக்கோ குடல் புற்றுக்கோ வைத்தியம் செய்துகொண்டவருக்கு ஈரலில் புள்ளி தெரிந்தால் பயம் இரட்டிப்பாகும். பயப்பட நியாயமும் உண்டு. ஆனாலும் மிகச் சிறிய புள்ளிகளில் பல, அவர்களிடமும் நீர்க்கட்டியாகவோ ஹெமாஞ்சியோமாவாகவோதான் இருக்கின்றன. சில கீமோ மருந்துகளுக்குப் பின் வருடங்கள் கழித்து நோடுலர் ஹைப்பர்பிளேசியா போன்ற முடிச்சுகள் புதிதாகத் தோன்றுவதும் பதிவாகியிருக்கிறது.

நிம்மதி எங்கே கூடாது

இதுவரை வாசித்துவிட்டு, கட்டி என்றால் ஒன்றுமில்லை என்று யாராவது பேப்பரை மடித்து வைத்தால் அது இன்னும் பெரிய கெடுதல். ஈரல் புற்று என்றால் ஆசியாவில் பெரும்பாலும் ஹெபடைட்டிஸ் பீ வைரஸ் என்பார்கள். இலங்கையில் அந்த வைரஸ் குறைவு. 2003 முதல் குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்திலும் அது சேர்ந்துவிட்டது. ராகம கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலையின் ஈரல் சத்திரசிகிச்சைக் குழு வெளியிட்ட விபரங்களின்படி, இங்கே ஈரல் புற்றோடு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் வைரஸ் இல்லை. கொழுப்பு ஈரல், சீனி, மது என்ற பின்னணிதான் திரும்பத்திரும்பத் தெரிகிறது. அந்த மூன்றும் இன்று தோட்டத்தில் இருக்கின்றன. கண் மஞ்சளித்து, வயிற்றில் தண்ணீர் கோர்த்து, கால் வீங்கிய ஒருவரின் ஈரலில் தெரியும் கட்டியை, வேறு என்று நிரூபணமாகும்வரை, புற்று என்றே வைத்துக்கொண்டு ஓடவேண்டும்.

ஓடுவதற்கு என்ன இருக்கிறது? தோட்டத்து டிஸ்பென்சரி. அதற்கு மேலே கிளங்கன் என்று நாம் சொல்லும் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் 150 கட்டில்களோடு கட்டிய புதிய கட்டடத்தை நரேந்திர மோடி 2017 மே 12ஆம் திகதி வந்து திறந்துவைத்தார். அதற்கு அப்பால் நுவரெலியா, கண்டி, ராகம, மஹரகம. ஈரலை மூன்று கட்டமாகப் படமெடுத்து வாசிக்கும் நிபுணரிடம் போய்ச்சேர்வதற்குள் பல நாட்கள் பேர் விழாது, அந்த நாட்களின் சம்பளமும் போகும். தோட்டத்தின் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாயாகவும் 2024இல் 1,350 ரூபாயாகவும் கூடியதற்கே எத்தனை வேலைநிறுத்தம், எத்தனை பேச்சுவார்த்தை என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. போய்ச்சேர்ந்த பின்னும் அறிக்கை ஆங்கிலத்தில், விளக்கம் சிங்களத்தில். தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வரும் அம்மாவிடம் “டாக்டர் என்ன சொன்னாரு?” என்று கேட்டால், “ஆறு மாசத்துல திரும்ப வரச் சொன்னாரு” என்பார். ஏன் என்று அவருக்குத் தெரியாது. வலியும் இல்லை. ஆறாவது மாதம் போகமாட்டார்.

அந்த ஆறு மாதத்துக்குத்தான் முழு அர்த்தமும் இருக்கிறது. தெளிவான ஹெமாஞ்சியோமா என்று முடிவாகிவிட்டால் மறுபடி போகவே தேவையில்லை. அதை எழுத்தில் வாங்கி, பழைய படங்களோடு ஒரு பைலில் போட்டு வைத்துக்கொண்டால், அடுத்த ஸ்கேன்காரர் மறுபடி கண்டுபிடித்துப் பயமுறுத்தமாட்டார். சிரோசிஸ் உள்ளவரோ, கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பது உலக அளவில் ஈரல் வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை. இரண்டு சென்டிமீட்டரில் அகப்படும் புற்றை வெட்டியோ சுட்டோ எடுத்துவிடலாம். பத்து சென்டிமீட்டரில் அகப்படுவதைப் பெரும்பாலும் முழுதாகக் குணமாக்க முடியாது.

யார் எந்தப் பக்கம் என்று பிரிப்பதற்கு நிபுணர் தோட்டத்துக்கு வரவேண்டியதில்லை. டிஸ்பென்சரியில் பிரஷரும் சீனியும் பார்க்கும் நாளில், இடுப்புச் சுற்றளவையும் குடிப்பழக்கத்தையும் சேர்த்து எழுதினால், முதலில் ஸ்கேனுக்கு அனுப்பவேண்டியவர்களின் பட்டியல் தானாக வந்துவிடும். சுகாதார அமைச்சும் தோட்டக் கம்பனிகளும் டிஸ்பென்சரி யாருடைய பொறுப்பு என்று வருடக்கணக்கில் மாறிமாறிக் கைகாட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலுக்குத் தேவை ஓர் அளவு நாடாவும் ஒரு கொப்பியும், பட்டியலில் உள்ளவர் கிளினிக்குக்குப் போகும் நாளில் பேர் வெட்டமாட்டோம் என்ற ஓர் எழுத்தும். முதல் இரண்டையும் எந்தத் தோட்டக் கடையிலும் வாங்கலாம். மூன்றாவதை அடுத்த சம்பளப் பேச்சில் தொழிற்சங்கங்கள் கேட்கட்டும்.